பாடம் பதினொன்று: கலப்பு நிபந்தனை

செவ்வாய்க்கிழமை மாலை,
கிரிம்ஸ்பி நூலகத்தின் மேல்மாடி.
ஹீட்டர் டக்கென்று ஒரு சத்தம் போடும்,
சூடு மட்டும் வராது.
எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத
ஹேடாக் மீன் வாசனையோடு
நாங்கள் ஒன்பது பேர்,
ஷிஃப்ட் முடிந்து மரத்த விரல்களில்
பேனா வழுக்க வழுக்க.

ஹெஸ்டருக்கு இருபத்தாறு வயதிருக்கும்.
பலகையின் நடுவே ஒரு கோடு கிழித்தாள்.
இந்தப் பக்கம் நேற்று. அந்தப் பக்கம் இன்று.
'ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே,
அதுதான் கலப்பு' என்றாள்.
'அன்று நடக்காமல் போனது
இன்று எதை இல்லாமல் செய்தது?
இஃப் பக்கம் ஹேட் போடுங்கள்.
மறுபக்கம் வுட் போதும்.'

டாங்குவோலே முதலில் கை தூக்கினாள்:
பல் மருத்துவம் படித்து முடித்திருந்தால்
இந்நேரம் மீனுக்கு முள் பிடுங்கிக்கொண்டிருக்க மாட்டேன்.
சிரித்தோம். அவளும்தான்,
கொஞ்சம் பிந்தி.

ஸ்வெதான் கோட்டை மறுபக்கமிருந்து தாண்டினான்:
உயரம் எனக்குப் பயமில்லை என்றால்
போன வருஷமே கிரேன் வேலைக்குப் போயிருப்பேன்.
'அடடா, இன்றிலிருந்து நேற்றுக்கும்
போகலாம், பார்த்தீர்களா!' என்றாள் ஹெஸ்டர்.

என் முறைக்கு நான் பஸ்ஸைப் பற்றி
ஏதோ சொன்னேன்.
சரி என்றாள். சரியாகத்தான் இருந்தது.

பிறகு ஹப்தோம்.
குளிர் அறையில் என்னோடு பெட்டி அடுக்குபவன்.
சொற்களையும் அப்படித்தான்,
ஒவ்வொன்றாக இறக்கி வைத்தான்:
என் தம்பி இரண்டாம் படகில் ஏறினான் என்றால்
இருக்கிறான்.

'கிட்டத்தட்ட' என்றாள் ஹெஸ்டர்.
திருத்தி எழுதினாள்,
ஹேட்டுக்கு மட்டும் சிவப்பு மை:
ஏறியிருந்தால், இருப்பான்.

அவன் பலகையையே பார்த்தான்.
'இந்த ஹேட் எதற்கு?'
'அது நடக்கவில்லை என்று காட்ட.'
'நடக்கவில்லை என்று
உங்களிடம் யார் சொன்னது?'

ஹீட்டர் டக்கென்றது.

ஸுவாரா கரையிலிருந்து அந்த இரவு இரண்டு படகுகள்.
முதல் படகின் கதை எல்லோருக்கும் தெரியும்.
இரண்டாவது கரை சேர்ந்தது.
இறங்கியவர் பட்டியலில் பாதிப் பேருக்குப்
பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
வயதும் சட்டை நிறமும்.
பதினெட்டு, நீலம்.
பத்தொன்பது, நீலம்.
பத்தொன்பது, சட்டை இல்லை.
மெர்ஹாவிக்குப் பத்தொன்பது.
இதை ஹப்தோம் வகுப்பில் சொல்லவில்லை.
முன்பொரு நாள் மைனஸ் இருபதில்,
பெட்டிகளுக்கு நடுவே,
வாயிலிருந்து ஆவியோடு சேர்ந்து வந்தது.

ஹெஸ்டர் புத்தகத்தைப் புரட்டினாள்.
கடைசிப் பக்கத்து விடைகளையும்.
மூடினாள்.
டஸ்டரைத் தேடாமல் விரலாலேயே
ஹேட்டை அழித்தாள், பிறகு வுட்டை.
அவன் சொன்னதை
அவன் சொன்னபடியே எழுதினாள்.
'இதுவும் சரி' என்றாள், 'இலக்கணப்படி முழுக்கச் சரி.
இந்தப் பாடத்தில் இல்லை, அவ்வளவுதான்.'
'எந்தப் பாடத்தில் இருக்கிறது?'
டாங்குவோலே பேனாவோடு காத்திருந்தாள்.
தேடிப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னாள் ஹெஸ்டர்,
சிவந்த விரலைப் பாவாடையில் துடைத்தபடி.

பஸ்ஸில் நோட்டைத் திறந்து
இரண்டையும் என் மொழியில் எழுதிப் பார்த்தேன்.
ஏறியிருந்தால் இருப்பான்.
போய்விட்டவனைச் சொன்னாலும் இதேதான்,
என்ன ஆனான் என்று தெரியாதவனைச் சொன்னாலும் இதேதான்.
சிவப்பு மை வைக்க
இதில் ஓர் எழுத்துகூட இல்லை.

சொல்லலாமென்று திரும்பினால்
ஹப்தோம் தூங்கிவிட்டிருந்தான்,
கண்ணாடியில் கன்னம் நசுங்க.
நான் எழுப்பவில்லை.
நாங்கள் இறங்கவேண்டிய நிறுத்தம்
எப்போதோ போயிருந்தது.

துறைமுகக் காற்றில் இரண்டு மைல் திரும்பி நடந்தோம்.
முகம் கொடுக்காமல் முன்னால் போனவன்
சட்டென்று நின்று, என்னைப் பார்த்து,
ஆங்கிலத்தில் கத்தினான்:
நீ என்னை எழுப்பியிருந்தால்
இந்நேரம் வீட்டில் இருப்போம்!

ஹேட், வுட், இரண்டும்
அதனதன் இடத்தில்.